ஏடிவி பிரேக் ஆயில் மாற்றுவதும் ஏர் எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடிவி எனப்படும் கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டியில் பழைய பிரேக் ஆயிலை இறக்கிப் புதியது ஊற்றி, லைனில் உள்ள காற்றை எடுக்கும் வேலையை வீட்டிலோ தோட்டத்திலோ தாங்களே செய்ய நினைப்பவர்களுக்காக எழுதியது இது. இதில் இருப்பது பொதுவான முறை. ஆயில் கிரேடு, சக்கர வரிசை, போல்ட் முறுக்கும் அளவு இவற்றில் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு ஏதாவது சொன்னால், கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

வண்டி அதிகம் ஓடவே இல்லை. ஆயிலை எதற்கு மாற்ற வேண்டும்?

பிரேக் ஆயில் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை, நின்றாலும் கெடும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகையைக் குறிக்கும் பெயர். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை ஆயில்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரிசர்வாயர் (ஆயில் நிற்கும் சிறு தொட்டி) மூடியின் காற்றுத்துளை, ரப்பர் ஹோஸ், சீல் என எல்லா வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்.

புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பாரம் ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும் வண்டியில் காலிபர் (பேடுகளால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) நன்றாகவே சூடேறும். ஈரம் ஏறிய ஆயில் அங்கே கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், சக்கரம் நிற்காது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பிரேக் பழையபடி பிடிப்பதால், பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. உண்மையில் ஆயிலை மாற்றும் காலம் கடந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்னொரு கேடு துரு. லீவரைப் பிடிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரும் காலிபர் பிஸ்டனும் ஈரத்தால் அரிக்கப்பட்டால் சீல் கிழியும், பிஸ்டன் இறுகும். 500 ரூபாய் ஆயிலில் முடிந்திருக்க வேண்டிய வேலை காலிபர் மாற்றும் செலவில் வந்து நிற்கும்.

பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சேறு, ஓடை, கடற்கரை மணல் என்று ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மழைக்காலம் முழுக்க ஓட்டியிருந்தால் அது முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

டாட் 3, 4, 5, 5.1 இதில் எதை ஊற்றுவது?

ரிசர்வாயர் மூடியின் மேலேயே பொறித்திருக்கும். இன்றைய ஏடிவிகளில் பெரும்பாலும் டாட் 4 இருக்கும். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 5.1 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம்தான். டாட் 3 ஊற்றக் கூடாது, கொதிநிலை குறைவு.

டாட் 5 வேறு சரக்கு. அது சிலிகான், பெரும்பாலும் ஊதா நிறத்தில் வரும். கிளைக்கால் ஆயிலோடு அது கலக்காது. எண்ணில் 5.1-க்குப் பக்கத்தில் இருப்பதால் கடையில் எளிதாக மாறிப் போகும். டப்பாவில் ‘சிலிகான்’ என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

என்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், டீசல் எதுவும் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. பிரேக் சீல்கள் செய்யப்பட்ட ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருகும். அப்படி ஒருமுறை ஊதிய சீலைக் கழுவி மீட்க முடியாது. லைனில் உள்ள எல்லா ரப்பர் பாகங்களையும் மாற்ற வேண்டியிருக்கும். புனல், ஊசிக்குழல், டியூப் எல்லாம் பிரேக் வேலைக்கென்றே தனியாக இருக்கட்டும்.

எவ்வளவு ஆயில் வேண்டும்? மீந்ததை வைத்துக்கொள்ளலாமா?

முன், பின் எல்லாச் சுற்றையும் முழுதாக மாற்ற 250 முதல் 300 மில்லி வரை ஆகும். ஏர் பிடிவாதம் பிடித்தால் இன்னும் செலவாகும். ஆகவே சீல் உடைக்காத அரை லிட்டர் டப்பா ஒன்று வாங்குங்கள்.

திறந்த டப்பாவை இறுக மூடி வைத்தாலும் உள்ளே மாட்டிய காற்றின் ஈரம் ஏறும். சில வாரத்துக்குள் பயன்படுத்தலாம், அடுத்த ஆண்டு வரை வைக்கக் கூடாது. காலிபரில் ஏர் எடுக்கத் திறக்கும் சிறு திருகான நிப்பிள் வழியாக வெளியே வந்த ஆயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரும்ப ஊற்றாதீர்கள்.

என் வண்டியில் எங்கெங்கே ஏர் எடுக்க வேண்டும்?

கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏடிவிகள் எல்லாம் ஒரே அமைப்பில் வருவதில்லை.

பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் வகை வண்டிகளில் இடக்கை லீவர் ஒன்றே நான்கு சக்கரத்துக்கும். கால் மிதி தனியான துணை பிரேக், அதற்குத் தனி ரிசர்வாயர் உண்டு. பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் வலக்கை லீவர் முன் பிரேக்குக்கு, இடக்கை லீவரும் மிதியும் பின் பிரேக்குக்கு. ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் ரான்ச்சரின் அடிப்படை மாடலில் முன்னே இரண்டு ஹைட்ராலிக் டிஸ்க், பின்னே கேபிளில் இயங்கும் டிரம். அந்த டிரம்முக்கு ஆயிலும் இல்லை, ஏர் எடுக்கும் வேலையும் இல்லை, கேபிளைச் சரிசெய்தால் போதும்.

ஒவ்வொரு மாஸ்டர் சிலிண்டரிலிருந்தும் ஹோஸ் போகும் வழியைக் கையால் தொட்டுப் பின்தொடருங்கள். எத்தனை ரிசர்வாயர், எத்தனை நிப்பிள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மிதிக்கான ரிசர்வாயர் பிளாஸ்டிக் பேனலுக்குள் ஒளிந்திருக்கும். மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விடப்படுவது பெரும்பாலும் அதுதான்.

என்னென்ன சாமான் தேவை?

நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நிப்பிளின் தலை உருண்டுவிடும். நிப்பிளின் முனையில் இறுக உட்காரும் தெளிவான டியூப் அரை மீட்டர். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் கறுப்பு டியூப் உதவாது. ஒரு காலி பாட்டில், 50 மில்லி ஊசிக்குழல், பிரேக் கிளீனர், நிறையப் பழந்துணி, ஒரு வாளித் தண்ணீர், கையுறை, கண்ணாடி. கண்ணில் பட்டால் பிரேக் ஆயில் கடுமையாக எரியும், அதனால் கண்ணாடி கட்டாயம்.

ரிசர்வாயர் மூடியின் ஸ்க்ரூ மெல்லிய அலுமினியத்துக்குள் போவது, எளிதில் வெட்டுப் போய்விடும். ஸ்டார் முனை சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் எடுத்து, அதன் தலையில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பிறகு திருப்புங்கள்.

ஆரம்பிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். நிப்பிளைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, அதன் ரப்பர் தொப்பியைக் கழற்றி, துளைக்குள் அடைத்திருக்கும் மண்ணையும் எடுங்கள். அந்த மண் உள்ளே போனால் நிப்பிள் சரியாக மூடாமல் கசியும்.

சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கியரைப் பார்க்கில் போடுங்கள். பார்க்கிங் லாக்கை லீவரிலிருந்து விடுவித்துவிடுங்கள். அது மாட்டியிருந்தால் லைனில் அழுத்தம் நிற்கும். ரிசர்வாயர் மட்டமாக வரும் வரை ஹேண்டிலைத் திருப்பி அப்படியே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பாகங்கள் மேலும் டேங்க் மேலும் ஈரத்துணி விரியுங்கள்.

பேட் தேய்ந்திருந்தால் அதை முதலில் மாற்றிவிட்டு ஆயில் வேலைக்கு வாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது காலிபரில் கிடந்த பழைய அழுக்கு ஆயில் மேலே ஏறும். புதிய ஆயிலுக்குப் பிறகு அதைச் செய்தால் பாதி வேலை வீண். தள்ளும்போது நிப்பிளைத் திறந்து டியூபை மாட்டிவைத்தால் அழுக்கு மேலே போகாமல் அங்கேயே வெளியேறிவிடும்.

வேலையை எப்படிச் செய்வது?

ரிசர்வாயர் மூடியையும் ரப்பர் டயஃப்ரத்தையும் எடுங்கள். பழைய ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சுங்கள். அடியில் கறுப்பு வண்டல் இருக்கும், அதைப் பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்தெடுங்கள். இந்த நேரத்தில் லீவரைத் தொடவே கூடாது, தொட்டால் காற்று உள்ளே போகும். உடனே புதிய ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி, மூடியை மேலே சும்மா வையுங்கள். லீவரை விடும்போது உள்ளேயுள்ள சிறு துளையிலிருந்து ஆயில் ஊற்றாகப் பீச்சி முகம் வரை அடிக்கும். அதற்காகத்தான் மூடி.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் ஆரம்பியுங்கள். நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனர், அதன் மேல் டியூப். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புதிய ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி வளைந்து பிறகு கீழே இறங்கினால், வெளியே வந்த குமிழி திரும்ப உள்ளே போகாது.

இனி இருவர் வேலை. லீவரில் இருப்பவர் மெதுவாக மூன்று நான்கு முறை பிடித்துவிட்டு, கடைசியில் பிடித்தபடியே நிறுத்தி “புடிச்சிருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சக்கரத்தில் இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். லீவர் இறங்கும், டியூபில் ஆயில் ஓடும். லீவர் கைப்பிடியைத் தொடுவதற்குள் நிப்பிளை மூடி “விடு” என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் லீவரை விட வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது லீவரை விட்டால் அது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதுவரை செய்ததெல்லாம் போச்சு.

வேகமாக அடிக்காதீர்கள். வேகமாக அடித்தால் பெரிய குமிழி பொடிக் குமிழிகளாக உடைந்து ஆயிலோடு நுரைக்கும், பிறகு எடுப்பது கடினம். பழைய வண்டியில் லீவரையோ மிதியையோ அடிவரை அமுக்குவதும் ஆபத்து. வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பிஸ்டன் போனால் அங்கே படிந்திருக்கும் துரு சீலைக் கீறும்.

டியூபைக் கவனியுங்கள். முதலில் டீ டிகாஷன் நிறத்தில் பழைய ஆயில் வரும். நடுநடுவே குமிழிகள் சரமாக ஓடும். பிறகு நிறம் வெளுக்கும். புதிய ஆயிலின் வெளிர் மஞ்சள் வந்து, அடுத்த ஐந்தாறு முறை குமிழியே இல்லாமல் ஓடினால் அந்தச் சக்கரம் முடிந்தது.

இத்தனைக்கும் நடுவில் ரிசர்வாயரை மறக்காதீர்கள். கார் போல் அல்ல, ஏடிவியின் ரிசர்வாயரில் சில பத்து மில்லிதான் பிடிக்கும். நிப்பிளை ஐந்தாறு முறை திறப்பதற்குள் கீழ்க்கோட்டை நெருங்கிவிடும். ஐந்துக்கு ஒருமுறை நிறுத்தி ஊற்றுங்கள். வீட்டில் செய்யும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

முடிந்ததும் நிப்பிளை 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். அது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டின் பலம் மட்டுமே. நடுவில் துளையுள்ள மெல்லிய திருகு என்பதால் தோள்பலம் கொடுத்தால் முறிந்து காலிபருக்குள் மாட்டிக்கொள்ளும். தொப்பியை மாட்டிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். எல்லாம் முடிந்தபின் மேல்கோடு வரை ஊற்றி, தொங்கிப்போயிருக்கும் டயஃப்ரத்தை மடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து மூடுங்கள்.

உதவிக்கு ஆள் இல்லை. தனியாகச் செய்ய முடியுமா?

முடியும். ஒருவழி வால்வு வைத்த டியூப் மலிவு, ஆயிலை வெளியே விடும், காற்றைத் திரும்ப விடாது. வேக்குவம் பம்ப்பும் வேகமான வழி. ஆனால் பம்ப் இழுக்கும்போது நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று புகுந்து டியூபில் குமிழி ஓயாமல் வரும். லைனில் இன்னும் ஏர் இருக்கிறது என்று நினைத்து டப்பா முழுவதையும் காலி செய்பவர்கள் உண்டு. மரையின் மேல் பகுதியில் மட்டும் டெஃப்லான் டேப் சுற்றினால் இது குறையும். கூம்பு முனையிலோ துளையிலோ டேப் படக் கூடாது. பம்ப்பில் செய்தாலும் கடைசி ஐந்தாறு முறையைக் கையால் லீவர் பிடித்து முடிப்பதே சரி.

மூன்றாவது வழி, ஊசிக்குழலால் நிப்பிளிலிருந்து மேல்நோக்கி ஆயிலைத் தள்ளுவது. காற்று இயல்பாகவே மேலே போக விரும்புவதால், வறண்டுபோன லைனுக்கு இது மிக நல்ல முறை. பழைய ஆயில் உள்ள லைனில் இதைச் செய்யாதீர்கள், காலிபர் வண்டல் முழுதும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஏறிவிடும். ரிசர்வாயர் வழியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு எடுத்தும் லீவர் கெட்டியாகவே இல்லை. காரணம் என்ன?

லீவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்.

முதல் பிடியில் தணிந்து போய், இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வந்து கெட்டியாகிறதா? ஒன்று லைனில் ஏர், இல்லை பேட் டிஸ்க்கிலிருந்து தள்ளிப் போகிறது. டிஸ்க் வளைந்திருந்தாலோ வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலோ சக்கரம் சுற்றும்போது டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளும். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கல்லில் இடிபட்டு டிஸ்க் வளைவது ஏடிவியில் சாதாரணம்.

பிடித்தபடி வைத்தால் லீவர் மெல்ல மெல்ல இறங்குகிறதா? அது ஏர் அல்ல. வெளியே எங்காவது கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. ரிப்பேர் கிட் போட வேண்டும், எத்தனை டப்பா ஆயில் ஊற்றினாலும் தீராது.

எத்தனை அடித்தாலும் மாறாமல் கொஞ்சம் தளர்வாகவே இருக்கிறதா? ஒருவர் பிடிக்க, மற்றவர் ரப்பர் ஹோஸைக் கையால் சுற்றிப் பிடித்து உப்புகிறதா என்று பாருங்கள். காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருந்தாலும், புதிய பேட் இன்னும் டிஸ்க்கோடு பதியாமல் இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

காலிபரைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: நிப்பிள் காலிபரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறிப் போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், போல்ட் எல்லாம் சரியாகவே உட்காரும். காற்று மேலே தங்க, ஆயில் மட்டும் கீழே வெளியேறும். ஆயுளுக்கும் ஏர் போகாது. வடிவமைப்பிலேயே நிப்பிள் உச்சியில் இல்லாவிட்டால், காலிபரைக் கழற்றி நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பேடுகளுக்கு நடுவே மரத்துண்டு வைத்து ஏர் எடுங்கள். மரத்துண்டு இல்லாமல் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

கடைசியில் மிஞ்சும் பொடிக் குமிழிகளுக்கு ஒரு பழைய வழி உண்டு. லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். குமிழிகள் சுருங்கி, ஒட்டிய இடத்தை விட்டு மேலே நகரும். காலையில் கட்டை அவிழ்த்து லீவரை மெல்ல ஆட்டினால் ரிசர்வாயரில் வெளியேறும். அது கடைசித் துளி ஏருக்கு மட்டும்தான், சீல் போன சிலிண்டரை இதனால் சரிசெய்ய முடியாது.

ரிசர்வாயர் வறண்டுவிட்டது. இப்போது லீவரில் பிடிப்பே இல்லை.

மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று மாட்டிக்கொண்டது. சக்கரத்தில் போராடுவதில் பயனில்லை, மேலிருந்து ஆரம்பியுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, லீவரை விரல் அகலம் மட்டும், மிக மெதுவாக, பலமுறை ஆட்டுங்கள். அடியிலுள்ள சிறு துளையில் பொடிக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வருவது தெரியும். சிலிண்டரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே இருங்கள். குமிழி நின்றதும், ஹோஸ் சேரும் பேஞ்சோ போல்டைத் துணியால் சுற்றி, லீவரைப் பிடித்தபடி போல்டைக் கொஞ்சம் தளர்த்தி, இறுக்கி, பிறகு லீவரை விடுங்கள். அங்கேயும் காற்று சீறி வெளியேறும். இரண்டு மூன்று முறை போதும். முடித்தபின் அந்த இடத்தில் கசிவு தெரிந்தால் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.

லீவர் நன்றாக இருக்கிறது, ஆனால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் திரும்பும் ஆயிலுக்கென ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. பழைய ஆயிலின் கசடு அதை அடைத்தால் அழுத்தம் லைனிலேயே நிற்கும், ஓட ஓடச் சூடேறி ஆயில் விரிந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் காரணம் மேலே இருக்கிறது. திறந்தும் விடுபடவில்லை என்றால் காலிபர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. லீவரில் சிறிது தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்த லீவரோ பொருந்தாத லீவரோ பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருந்தால், துளை சுத்தமாக இருந்தும் மூடியே இருக்கும்.

நிப்பிள் அசையவே இல்லை.

முந்தைய நாள் இரவே துரு இளக்கி அடித்து ஊறவையுங்கள். ஆறுமுக சாக்கெட் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகத் தட்டுவது துருவை உடைக்கும். அப்படியும் வராவிட்டால் பலம் கொடுக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். முறிந்த நிப்பிளைத் துளைத்து எடுப்பது வீட்டு வேலை அல்ல.

புதிய நிப்பிள் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். 8 மி.மீ. மரையுள்ள நிப்பிளிலேயே மரை இடைவெளி 1.25-உம் உண்டு, 1.0-உம் உண்டு. மாற்றிப் போட்டால் காலிபரின் மரை போய்விடும்.

மட்டம் குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்பினால் போதாதா?

பேட் தேயத் தேய மட்டம் தானாகவே இறங்கும். முதலில் பேடைப் பாருங்கள். தேய்ந்த பேடோடு நிரப்பி வைத்தால், புதிய பேட் போடும்போது ஆயில் பொங்கி வழியும். பேட் நன்றாக இருந்தும் மட்டம் குறைந்தால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் ஊற்றாதீர்கள்.

பெயின்ட் மேல் சிந்திவிட்டது.

துடைக்காதீர்கள், தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கிளைக்கால் ஆயில் தண்ணீரில் கரையும். பேடில் பட்டிருந்தால் பேடை மாற்றிவிடுங்கள், டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனரால் துடைத்துப் பயன்படுத்தலாம்.

முடித்தபின் எப்படிச் சோதிப்பது?

லீவரை இரண்டு நிமிடம் பலமாகப் பிடித்து வைத்து, எல்லா நிப்பிளையும் இணைப்பையும் காகிதத் துணியால் தொட்டுப் பாருங்கள். காகிதத்தில் ஈரம் தெரிந்தால் அங்கே கசிவு. பிறகு சக்கரங்களைத் தூக்கிச் சுற்றி, பிடித்தால் நிற்கிறதா, விட்டால் தடையின்றிச் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பது சமதளத்தில், நடக்கும் வேகத்தில். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி ஐந்தாறு முறை நிறுத்திப் பாருங்கள். அன்றே சரிவில் இறங்க வேண்டாம். மறுநாள் காலை லீவர் முந்தைய நாள் இருந்த இடத்திலேயே கெட்டிப்பட்டால் வேலை சரியாக முடிந்தது. தணிந்திருந்தால் இன்னொரு சுற்று ஏர் எடுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் பம்ப்புக்குள் காற்று போயிருந்தால் கையால் எடுக்க முடியாமல் போகலாம். சர்வீஸ் மையத்தின் கருவியால் பம்ப்பை இயக்கித்தான் எடுக்க வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். என்ஜின் கழிவு ஆயிலோடும் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். தனி பாட்டிலில் ஊற்றி, மேலே ‘பழைய பிரேக் ஆயில்’ என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். நிறத்தைப் பார்த்துக் குடிக்கும் பானம் என்று யாராவது எடுத்துவிடலாம், இது நஞ்சு.